காற்றின் திசையும் கலம் எழும் வேளையும்

நுழையும்முன்

ஓடுபாதையில் ஓடி வானேறும் ஊர்தியை நாம் அறிவோம். நீரில் மிதந்து, நீரிலேயே ஓடி, நீரைவிட்டு எழும் ஊர்தியும் உண்டு. அதுவே நீர்வானூர்தி. நேர்நின்று வீசும் காற்று அதனை ஏந்தி உயர்த்துகிறது. குறுக்கே வீசும் காற்று அதனைக் கவிழ்த்துவிடவும் கூடும். ஒரே காற்று துணையாவதும் பகையாவதும் அது வரும் திசையைப் பொறுத்தது. அத்திசையை அறிந்து செயற்படும் திறனையும், செயற்படாது காத்திருக்கும் துணிவையும் விளக்குகிறது இப்பாடம்.

சாலையில் கற்ற பாடம்

ஆடி மாதத்துப் பிற்பகல். பள்ளி முடிந்து திருவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் செல்லும் சாலையில் மிதிவண்டியை மிதித்துச் செல்கிறாள் ஒரு மாணவி. பதினொன்றாம் வகுப்பில் அரசு வழங்கிய மிதிவண்டி அது. வலப்புறம் மேற்குத்தொடர்ச்சி மலை. மரங்கள் அடர்ந்த பகுதியைக் கடந்து திறந்த வெளிக்கு வந்தவுடன், மலைப்பக்கமிருந்து வரும் காற்று அவளைத் திடீரெனத் தாக்குகிறது. அவள் அறியாமலேயே உடல் வலப்புறம் சாய்கிறது. கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்கிறாள். காற்று ஒருகணம் ஓயும்போது வண்டி வலப்பக்கமே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அடுத்த வீச்சில் மீண்டும் தடுமாறுகிறது.

நேரெதிரே வீசும் காற்றில் மிதிப்பது கடினம். ஆயினும் விழுந்துவிடுவோம் என்னும் அச்சம் இல்லை. பக்கத்திலிருந்து வீசும் காற்றே விழச் செய்கிறது. "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்னும் பழமொழி காற்றின் வலிமையைச் சொல்கிறது. அம்மாணவி சாலையில் கற்றது காற்றின் திசையை. நீரிலிருந்து வானேறும் ஊர்தியின் ஓட்டுநருக்கும் முதற்பாடம் இதுவே.

திசையால் பெயர் பெற்ற காற்று

தமிழர் காற்றை அது வரும் திசையைக் கொண்டு பெயரிட்டனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். ஈழத்துத் தமிழர் சோழகம், கச்சான் முதலிய பெயர்களையும் இன்றுவரை வழங்கி வருகின்றனர். காற்றின் தொழிலை அறிந்து கடலில் கலம் செலுத்தியவரின் வழித்தோன்றல் எனக் கரிகாலனைப் புறநானூற்றில் புகழ்கிறார் வெண்ணிக்குயத்தியார்.

செல்லும் திசையைக் கொண்டு பெயரிடாமல், வரும் திசையைக் கொண்டு பெயரிட்டதில் பட்டறிவு உள்ளது. காற்று தன்மேல் எப்பக்கமிருந்து மோதும் என்பதே கலம் செலுத்துவோர்க்குத் தேவையான செய்தி. இன்றைய வானூர்தித் துறையும் இம்முறையையே பின்பற்றுகிறது. மேற்குக்காற்று என்றால் மேற்கிலிருந்து வரும் காற்று என்பதே வானிலை அறிக்கையின் பொருள்.

நீரே ஓடுபாதை

1910 மார்ச் 28 அன்று பிரான்சு நாட்டின் ஆன்றி ஃபாப்ர் என்பவர் மிதவைகள் பொருத்திய வானூர்தியில் நீர்ப்பரப்பிலிருந்து தம் இயந்திரத்தின் ஆற்றலாலேயே எழுந்து பறந்தார். பின்னர் நீர்வானூர்திகள் இருவகையாக வளர்ந்தன. வானூர்தியின் அடியில் இரு மிதவைகளைப் பொருத்தியது ஒருவகை. ஊர்தியின் உடலையே படகுபோல் அமைத்தது மற்றொரு வகை. இதனைப் பறக்கும் படகு என்பர்.

ஓடுபாதைகள் அருகியிருந்த அக்காலத்தில் ஆறும் ஏரியும் வானூர்தி நிலையங்களாயின. 1930களின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா நோக்கிச் சென்ற பறக்கும் படகுகள் கராச்சி, குவாலியர், கல்கத்தா ஆகிய இடங்களில் நீரில் இறங்கிச் சென்றன. இரண்டாம் உலகப்போரின்போது சென்னையை அடுத்த செங்குன்றத்தில், இன்று நகரத்திற்குக் குடிநீர் தரும் புழல் ஏரி, பிரித்தானிய வான்படையின் பறக்கும் படகுத் தளமாக விளங்கியது. 240ஆம் படைப்பிரிவின் கேட்டலினா ஊர்திகள் அங்கிருந்து வங்கக்கடல்மேல் பறந்தன.

இலங்கையின் தென்கரையில் உள்ள கொக்கலை ஏரியும் அத்தகைய தளமே. 1943 முதல் 1945 வரை குவாண்டாசு நிறுவனத்தின் கேட்டலினா ஊர்திகள் அங்கிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு இடைநில்லாமல் பறந்தன. தொலைவு 5,600 கிலோமீட்டருக்கும் மேல். பயண நேரம் 27 முதல் 33 மணி. அவ்வளவு எரிபொருளைச் சுமந்தமையால் பயணியர் மூவருக்கே இடமிருந்தது. எடை கூடக்கூட எழுவதற்கு ஓடவேண்டிய தொலைவு நீளும், ஏரியோ நீள்வதில்லை. இதனை நினைவிற் கொண்டால், நீரிலிருந்து எழுவது எத்துணை நுட்பமான செயல் என்பது விளங்கும்.

நீர்வானூர்தி பழங்கதை அன்று. அந்தமானுக்கான 'ஜல் ஹன்ஸ்' சேவை 2010 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. அகமதாபாத்தின் சபர்மதி ஆற்றுக்கும் கேவடியாவுக்கும் இடையே 2020 அக்டோபர் 31 அன்று நீர்வானூர்தி பறந்தது. 2024 நவம்பர் 11 அன்று கொச்சியின் போல்காட்டியிலிருந்து புறப்பட்ட நீர்வானூர்தி ஒன்று, மூணாற்றை அடுத்த மாட்டுப்பட்டி அணையின் நீர்த்தேக்கத்தில் வெள்ளோட்டமாக இறங்கியது. இராஜபாளையத்திலிருந்து நாம் காணும் மேற்குத்தொடர்ச்சி மலையின் மற்றொரு பகுதியே அது.

எழுதலின் படிநிலைகள்

வானூர்தியின் இறக்கைக்குத் தேவையானது, தன்னைச் சுற்றி விரையும் காற்று. எழுவதற்கு 60 நாட் காற்றுவேகம் தேவைப்படும் ஊர்தி ஒன்றைக் கொள்வோம். (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.) எதிரே 15 நாட் வேகத்தில் காற்று வீசினால், நீரின்மேல் அது 45 நாட் வேகத்தில் ஓடினாலே போதும். பின்னாலிருந்து அதே காற்று வீசினால் 75 நாட் வேகத்தில் ஓடவேண்டும். எனவே காற்றை எதிர்நோக்கி எழுவதே முறை.

தொடக்கத்தில் ஊர்தி படகுபோல் நீரில் அமிழ்ந்து நகர்கிறது. இயந்திரத்தின் முழு ஆற்றலையும் செலுத்தியதும் மூக்கு உயர்கிறது. மிதவைகள் ஏர்முனைபோல் நீரை உழுதுகொண்டு முன்னேறுகின்றன. இந்நிலையில் நீரின் தடை மிகுதி. உயர்ந்த மூக்கு ஓட்டுநரின் பார்வையையும் மறைக்கிறது. இதனைக் கடந்ததும் மிதவைகள் நீரின் மேற்பரப்பில் ஏறி வழுக்கி ஓடுகின்றன. தடை குறைகிறது; விரைவு பெருகுகிறது; ஊர்தி எழுகிறது.

தெரிந்து தெளிவோம்

காற்றே இல்லாத நாள் நீர்வானூர்திக்கு உகந்தது எனக் கருதிவிடக்கூடாது. கண்ணாடிபோல் அசைவற்ற நீர் மிதவைகளைப் பற்றிக்கொள்வதால் எழுவதற்கு நெடுந்தொலைவு ஓடவேண்டும். இறங்கும்போது நீர்ப்பரப்பு எவ்வளவு கீழே உள்ளது என்று கண்ணால் கணிப்பதும் கடினம். சிற்றலைகளை எழுப்பும் மென்காற்றே ஓட்டுநருக்கு நல்ல துணை.

குறுக்குக் காற்று நேர்வது ஏன்?

பரந்த ஏரியில் எத்திசையிலும் ஓடலாம். காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டால் போதும். ஆனால், ஆறு தன் கரைகளுக்கு இடையேதான் ஓடுகிறது. மலைகளுக்கு நடுவே அமைந்த நீர்த்தேக்கம் நீண்டு குறுகியிருக்கும். நீளவாட்டில் ஓடினால்தான் எழ இயலும். காற்றோ கணவாய் வழியே புகுந்து அகலவாட்டில் வீசக்கூடும். கடலில் பேரலைகளை நேராக மோதினால் மிதவைகள் உடையும் என்பதால், அலைமுகடுகளுக்கு இணையாக ஓடிப் பக்கக்காற்றை ஏற்கவேண்டிய சூழலும் நேரும்.

மலையடிவாரக் காற்று மற்றோர் இடரையும் தருகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று சீராக வருவதில்லை. சுழன்றும், திடுமென ஓங்கியும், திடுமென ஓய்ந்தும் வருகிறது. அணைத்துக்கொள்ளும் அளவில் தாங்கலாம் என ஒருவர் சாயும்போது தாங்கும் சுவர் விலகிவிடுவது போன்றது அது. மிதிவண்டி மாணவியின் தடுமாற்றத்திற்கும் இதுவே காரணம்.

கவிழ்க்கும் விசைகள்

பக்கக்காற்றின் இடரை உணர, நீர்வானூர்தியின் இயல்பு ஒன்றை முதலில் அறியவேண்டும். அதற்குத் தடுப்பான் இல்லை. இயந்திரம் இயங்கத் தொடங்கிய கணமே அது நகரத் தொடங்கும். நிலத்தில் சக்கரங்கள் தரையைப் பற்றிக்கொள்வதுபோல் நீரில் மிதவைகள் பற்றிக்கொள்வதில்லை.

காற்று இடப்புறமிருந்து வீசுவதாகக் கொள்வோம். ஊர்தியின் வால்பகுதியில் உயர்ந்து நிற்கும் செங்குத்துத் தகட்டைக் காற்று தள்ளுகிறது. கூரைமேல் வைக்கும் காற்றுத்திசைகாட்டியைப்போல் ஊர்தி இடப்புறம் திரும்பிக் காற்றை நோக்க முனைகிறது. அதே வேளையில் இடப்புற இறக்கையின் அடியில் காற்று புகுந்து அதனை உயர்த்துகிறது. வலப்புற மிதவை நீருக்குள் அழுந்துகிறது.

பேருந்து இடப்புறம் சட்டெனத் திரும்பும்போது நாம் வலப்புறம் சாய்கிறோம் அல்லவா? ஊர்தி இடப்புறம் திரும்பும்போதும் அவ்வாறே வலப்புறம் சாய்கிறது. காற்றும் வலப்புறமே தள்ளுகிறது. இவ்விரண்டும் ஒன்றுசேர்வதே பேரிடர். காற்று ஊர்தியைத் தன்பக்கம் திருப்புகிறது. அத்திருப்பமோ கவிழ்ப்பதில் காற்றுக்குத் துணை போகிறது.

நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி உடையது. ஆகவே, அழுந்திய மிதவையை நீர் பின்னோக்கி வலிதாக இழுக்கும். இறக்கையின் நுனி நீரைத் தொட்டால் ஊர்தி அந்நுனியைச் சுற்றிச் சுழலும். விரைவு மிகுந்திருந்தால் கவிழ்ந்தே போகும்.

எழுந்த பிறகும் இடர் முற்றிலும் நீங்குவதில்லை. நீரைவிட்டு எழுந்த ஊர்தி காற்றோடு பக்கவாட்டில் நகரத் தொடங்குகிறது. போதிய விரைவு பெறுமுன் எழுந்து, மீண்டும் நீரைத் தொட்டுவிட்டால், பக்கவாட்டில் நகரும் மிதவை நீரில் தடுக்கப்படுகிறது. ஓடிவருபவரின் கால் வாசற்படியில் இடறுவதற்கு ஒப்பானது இது.

காற்றின் வேகத்தைக் கணிப்பதிலும் கவனம் வேண்டும். ஓடும் திசைக்கு 30 பாகை கோணத்தில் 20 நாட் காற்று வீசினால் அதன் பக்கவாட்டுக் கூறு 10 நாட். 90 பாகையில் வீசினால் 20 நாட் முழுவதும் பக்கவாட்டில் தாக்கும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். "சற்றே கூடியிருக்கிறது" என்று தோன்றும் காற்று உண்மையில் மிகவும் கூடியிருக்கக்கூடும்.

ஓட்டுநரின் திறன்

தேர்ந்த ஓட்டுநர் எழுமுன் நீரைப் படிக்கிறார். அலையின் முகடுகளில் வெண்நுரை தோன்றினால் காற்று 10 நாட் அளவைத் தாண்டிவிட்டது என்று கொள்கிறார். நங்கூரமிட்ட படகுகள் எத்திசையை நோக்கி நிற்கின்றன, புகை எப்பக்கம் சாய்கிறது, எந்தக் கரையோரத்தில் நீர் அமைதியாக உள்ளது என்பனவற்றைக் காண்கிறார். காற்று வரும் பக்கத்துக் கரையை ஒட்டியே நீர் அமைதியாக இருக்கும்.

ஓடத் தொடங்கும்போது இறக்கையின் ஓரத்தில் உள்ள எய்லரான் என்னும் அசையும் தகட்டை இயக்கி, காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்திப் பிடிக்கிறார். சுக்கானைக் கொண்டு ஊர்தி காற்றை நோக்கித் திரும்பாமல் தடுக்கிறார். நீர்ப்பரப்பு இடந்தருமாயின் நேர்க்கோட்டில் ஓடாமல் வில்போல் வளைந்த பாதையில் ஓடுகிறார். முதலில் இயன்றவரை காற்றை நோக்கித் தொடங்கி, பின்னர்க் காற்று போகும் பக்கமாகச் சிறிது சிறிதாக வளைகிறார். இவ்வளைவினால் தோன்றும் சாய்வு காற்றின் தள்ளலுக்கு எதிராக அமைகிறது. முன்னர்க் காற்றுக்குத் துணைபோன அதே விசையை, இப்போது காற்றைத் தடுக்கும் விசையாக மாற்றிக்கொள்கிறார்.

இவையனைத்தும் ஓர் எல்லைக்கு உட்பட்டவையே. சோதனைப் பறத்தலில் மெய்ப்பித்துக் காட்டிய பக்கக்காற்றின் அளவை ஊர்தியின் கையேடு குறிப்பிடுகிறது. எய்லரானையும் சுக்கானையும் முழுவதும் திருப்பிய பின்னும் ஊர்தி காற்றுக்கு இணங்குமாயின், அதற்குமேல் கையில் கருவி ஏதும் இல்லை. எஞ்சுவது முடிவெடுக்கும் அறிவு ஒன்றே.

காத்திருக்கும் துணிவு

மலைகளுக்கு இடையே அமைந்த குறுகிய நீர்த்தேக்கம் ஒன்றைக் கற்பனை செய்து பார்ப்போம். படகுத்துறையில் நீர்வானூர்தி நிற்கிறது. பயணியர் பதினால்வர் அமர்ந்துவிட்டனர். வெயில் தெளிவாக அடிக்கிறது. மழையும் இல்லை, மேகமும் இல்லை. ஆனால், நீர்த்தேக்கத்தின் குறுக்கே வெண்நுரை வரிவரியாகப் பெருகுகிறது. ஓட்டுநர் சிறிதுநேரம் நீரையே பார்க்கிறார். பிறகு இயந்திரத்தை நிறுத்துகிறார்.

"ஏன் தம்பி, வானம் நன்றாகத்தானே இருக்கிறது? நான் மாலை வண்டியைப் பிடிக்கவேண்டுமே" என்கிறார் முதிய பெண்மணி ஒருவர்.

"வானம் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. நீர்தான் இன்னும் இடந்தரவில்லை. காற்று தணியட்டும், போகலாம்" என்கிறார் ஓட்டுநர்.

அவர் கூற்று அனைவருக்கும் உவப்பாக இல்லை. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மற்றொருவர், "நேற்று இதைவிடக் காற்று அதிகம், நேற்று பறந்தார்களே" என்கிறார். நிறுவனத்திலிருந்தும் தொலைபேசி அழைப்பு வருகிறது. அடுத்த பயணத்திற்கும் ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஓட்டுநரின் மீது இப்போது இரு காற்றுகள் வீசுகின்றன. ஒன்று மலையிலிருந்து வருவது, மற்றொன்று மனிதர்களிடமிருந்து வருவது. இரண்டாவது காற்றுக்கு இணங்கி முதற்காற்றை மறந்துவிடுவதே பெருந்தவறு.

அன்று அவர் பறந்திருந்தால் ஒருவேளை இடரின்றிச் சேர்ந்திருக்கலாம். காத்திருந்ததால் தவிர்க்கப்பட்ட விபத்தை யாரும் காணப்போவதில்லை. அதனாலேயே காத்திருக்கும் முடிவு கடினமானது. அதற்குப் பாராட்டு இல்லை, முணுமுணுப்பே மிஞ்சும். பதினான்கு பேரின் உயிர் தம் கையில் உள்ளது என்பதை அறிந்தவர் அம்முணுமுணுப்பை ஏற்றுக்கொள்கிறார். ஒரு மணிநேரம் கழிகிறது. நுரைவரிகள் மறைந்து நீரில் சிற்றலைகளே எஞ்சுகின்றன. இயந்திரம் மீண்டும் ஒலிக்கிறது.

நம் சாலைக்குத் திரும்புவோம். மிதிவண்டி மாணவி திறந்தவெளியில் இருமுறை தடுமாறினாள். பின்னால் சுமையுந்து ஒன்று ஒலி எழுப்பி வருகிறது. அவள் வண்டியை விட்டு இறங்கி, சாலையோரமாக ஒதுங்கி, மரநிழல் வரும்வரை தள்ளிக்கொண்டே நடக்கிறாள். தோழியர் சிலர் சிரித்துக்கொண்டே கடந்து செல்கின்றனர். அவள் வீடு சேரச் சிறிது நேரம் கூடுதலாகும். காற்று எத்திசையில் வீசுகிறது, தன் வலிமை எவ்வளவு என்னும் இரண்டையும் அவள் சரியாகக் கணித்தாள். நீர்த்தேக்கத்தில் இயந்திரத்தை நிறுத்திய ஓட்டுநர் செய்ததும் அதுவே.

கலைச்சொல் அறிவோம்

சீபிளேன் – நீர்வானூர்தி
ஃபுளோட் – மிதவை
ரட்டர் – சுக்கான்
ஹெட்விண்ட் – எதிர்க்காற்று
கிராஸ்விண்ட் – பக்கக்காற்று
டெயில்விண்ட் – பின்காற்று

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊர்க் கண்மாய் அல்லது ஏரியின் கரையில் ஒரு வாரம் மாலைதோறும் காற்று வரும் திசையையும் நீரின் தோற்றத்தையும் குறித்து வந்து, வகுப்பில் எடுத்துரைக்க.
2. உழவர், மீனவர், பனைத்தொழிலாளர் ஆகியோரிடம் உரையாடி, காற்றைக் குறிக்க அவர்கள் வழங்கும் சொற்களைத் தொகுக்க.
3. "காத்திருப்பதும் ஒரு செயலே" என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடல் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. மேற்கிலிருந்து வீசும் காற்றின் பெயர்
அ) கொண்டல் ஆ) கோடை இ) வாடை ஈ) தென்றல்

2. எழுவதற்கு 60 நாட் காற்றுவேகம் தேவைப்படும் ஊர்தி, 20 நாட் எதிர்க்காற்றில் நீரின்மேல் ஓடவேண்டிய வேகம்
அ) 80 நாட் ஆ) 60 நாட் இ) 40 நாட் ஈ) 20 நாட்

3. இரண்டாம் உலகப்போரின்போது பறக்கும் படகுத் தளமாக விளங்கிய தமிழக ஏரி
அ) வீராணம் ஆ) புழல் இ) மதுராந்தகம் ஈ) செம்பரம்பாக்கம்

குறுவினா

1. நீர்வானூர்தியின் இருவகைகள் யாவை?
2. அசைவற்ற நீரிலிருந்து எழுவது கடினமாவது ஏன்?
3. தமிழர் காற்றுக்குப் பெயரிட்ட முறையின் சிறப்பு யாது?

சிறுவினா

1. பக்கக்காற்று வீசும்போது ஊர்தி காற்றை நோக்கித் திரும்புவது இடரைப் பெருக்குவது எவ்வாறு? பேருந்துப் பயண எடுத்துக்காட்டின்வழி விளக்குக.
2. வில்போல் வளைந்த பாதையில் ஓடி எழுவதன் பயனை எழுதுக.
3. "ஓட்டுநரின் மீது இப்போது இரு காற்றுகள் வீசுகின்றன" – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா

1. நீர்வானூர்தி பக்கக்காற்றில் எழும்போது நேரும் இடர்களையும் அவற்றை ஓட்டுநர் எதிர்கொள்ளும் முறைகளையும் தொகுத்து எழுதுக.
2. பிறர் வற்புறுத்தலுக்கு இணங்காமல் நீங்கள் காத்திருந்த, அல்லது காத்திருந்திருக்க வேண்டிய, ஒரு சூழலைப் பாடக்கருத்தோடு ஒப்பிட்டுக் கட்டுரை வரைக.

மொழியை ஆள்வோம்

இலக்கணக் குறிப்பு தருக: அறிந்தவர், எழும் ஊர்தி, ஆறும் ஏரியும், அழுந்திய மிதவை.
பகுபத உறுப்பிலக்கணம் தருக: பறந்தார், காண்கிறார்.